பாட்டுக்கொரு பேட்டரி

‘கையிலே வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவானேன்?’ என்பது நம் நாட்டுப் பழமொழி. பள்ளிப் பருவத்திலேயே படித்த பழமொழிதான். ஆனால் அதன் பொருளை முழுமையாக உணர்ந்தது சென்ற கோடை விடுமுறையில், ஒரு மின்காரின் டிக்கிக்குள் தலையை நுழைத்துக்கொண்டிருந்தபோது என்றால் நண்பர்கள் நகைக்கக்கூடும். நகைப்புக்குரிய செய்தி அன்று அது. நள்ளிரவில் நான்கு பெண்கள் நடுத்தெருவில் நின்றதோடு தொடங்கிய செய்தி. அதன் காரணத்தைத் தேடிப் புறப்பட்டதன் விளைவே இக்கட்டுரை.

நாம் வாழும் இப்பகுதியைச் சற்றே எண்ணிப் பார்ப்போம். 1996ஆம் ஆண்டு இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் நிறுவனம் தொழிற்சாலைக்கு அடிக்கல் நாட்டியது. 1998இல் அங்கிருந்து சாண்ட்ரோ கார் வெளிவந்தது. 2010இல் ஒரகடத்தில் ரெனோ-நிசான் தொழிற்சாலை திறக்கப்பட்டது. ஏரியும் வயலுமாக இருந்த ஸ்ரீபெரும்புதூர் வட்டாரம் இவ்வாறு கார் விளையும் பூமியாயிற்று. பெட்ரோல் கார்கள் மட்டுமல்ல. 2019இல் கோனா, 2023இல் அயானிக் 5, 2025இல் கிரெட்டா என்று மின்சாரத்தால் ஓடும் கார்களும் இங்கிருந்தே புறப்பட்டுள்ளன. நம் கல்லூரி மாணவர் பலருடைய தந்தையரும் தமக்கையரும் இத்தொழிற்சாலைகளில் பணிபுரிகின்றனர். அவர்களை வீட்டிலிருந்து ஆலைக்கும் ஆலையிலிருந்து வீட்டுக்கும் கொண்டுசேர்க்கும் தொழிலில் வேறு பலர் ஈடுபட்டுள்ளனர். என் தாய்மாமன் அவர்களுள் ஒருவர்.

நள்ளிரவில் நடந்தது

மாமா ஒப்பந்த முறையில் மின்கார் ஓட்டுகிறார். மாலையில் ஒரு ஷிப்ட் ஆட்களை ஒரகடத்தில் இறக்கிவிட்டு, நள்ளிரவில் முடியும் ஷிப்ட் ஆட்களை ஏற்றிக்கொள்ள வேண்டும். இடையில் மூன்று மணி நேரம் ஆலை வாசலில் காத்துக் கிடக்க வேண்டும். தூக்கம் வராமலும் தனிமை தெரியாமலும் இருக்க அவருக்குப் பாட்டு வேண்டும். காருடன் வந்த ஸ்பீக்கர்கள் போதவில்லை என்று, சாலையோரக் கடையொன்றில் ஆயிரம் வாட் என்று எழுதிய ஆம்ப்ளிஃபையரும் ஒரு பேஸ் பெட்டியும் பொருத்திக்கொண்டார். ‘பாட்டு கேட்டால் கார் பேட்டரி இறங்கிவிடுமே’ என்று அவர் தயங்கியபோது கடைக்காரர், ‘அதுக்கென்னங்க, பாட்டுக்குன்னு இன்னொரு பேட்டரி போட்டுடலாம்’ என்று ஒரு பெட்ரோல் காரிலிருந்து கழற்றிய பழைய பேட்டரியை டிக்கியில் வைத்து, முன்பக்கத்து பேட்டரியோடு நேராக இணைத்துக் கொடுத்தார்.

ஐந்து வாரம் எல்லாம் நன்றாகவே நடந்தது. ஒருநாள் இரவு பன்னிரண்டரை மணிக்கு நான்கு பெண் தொழிலாளர்கள் ஆலை வாசலில் வந்து நின்றனர். கார் விழிக்கவில்லை. பொத்தானை அழுத்தினால் ஒரு ‘டிக்’ ஒலி, அவ்வளவுதான். மாற்று வண்டி வந்து சேர ஒன்றரை மணி நேரமாயிற்று. அந்நால்வருள் ஒருவர் கைக்குழந்தையை வீட்டில் விட்டுவந்தவர். வீட்டிலிருந்து அழைப்பு வந்துகொண்டே இருந்ததாம். மறுநாள் மாமாவுக்கு அந்த நடைக்குரிய கூலி பிடிக்கப்பட்டது. இனி ஒருமுறை இப்படி நடந்தால் வண்டியே வேண்டாம் என்ற எச்சரிக்கையும் கிடைத்தது.

மறுநாள் காலை மாமா என்னிடம் கேட்ட கேள்வி இது: “நிறுத்தும்போது பெரிய பேட்டரியிலே எழுபது பர்சன்ட் காட்டுச்சு மாப்ளே. அதுக்கு மேலே ரெண்டு பேட்டரி வேற இருக்கு. அப்புறம் ஏன் வண்டி எழுந்துக்கல? நீ பிசிக்ஸ்தானே படிக்கிறே, சொல்லு.”

எனக்கு விடை தெரியவில்லை. எங்கள் துறைப் பேராசிரியரிடம் சென்று கேட்டேன். அவர் விடை கூறாமல், ஆய்வகத்திலிருந்து ஒரு கிளாம்ப் மீட்டரை எடுத்துக் கொடுத்து, “அளந்து பார்த்துவிட்டு வா” என்றார்.

சிறிய பேட்டரியின் பெரிய வேலை

மின்காரில் இரண்டு வகை பேட்டரிகள் உள்ளன என்பதைப் பலர் அறியார். சக்கரங்களை ஓட்டுவது தரைக்கு அடியில் படுத்திருக்கும் பெரிய லித்தியம் பேட்டரி. அதன் மின்னழுத்தம் பல கார்களில் 300 முதல் 400 வோல்ட் வரை இருக்கும். கிரெட்டா மின்காரில் அது 42 அல்லது 51.4 யூனிட் கொள்ளளவு உடையது. நம் வீட்டு மீட்டரில் ஓடும் அதே யூனிட்தான். கிலோவாட்-மணி என்று நாம் பாடத்தில் படிப்பதும் அதுவே.

இதனோடு, பெட்ரோல் காரில் இருப்பது போன்றே ஒரு சிறிய 12 வோல்ட் பேட்டரியும் மின்காரில் உண்டு. விளக்கு, வைப்பர், கதவுப் பூட்டு, கணினி, ரேடியோ எல்லாம் இதைச் சார்ந்தவை. கார் ஓய்ந்திருக்கும்போது பாதுகாப்புக் கருதிப் பெரிய பேட்டரி முற்றிலும் துண்டிக்கப்பட்டிருக்கும். துண்டிப்பதும் இணைப்பதும் காண்டாக்டர் எனப்படும் கனத்த ரிலேக்கள். அந்த ரிலேக்களை மூடுவதற்கு வேண்டிய மின்சாரம் சிறிய பேட்டரியிலிருந்துதான் வரவேண்டும். ஆகவே களஞ்சியம் நிறைய நெல் இருந்தாலும், அதன் சாவி சின்னவன் இடுப்பில் இருக்கிறது. சின்னவன் மயங்கி விழுந்தால் களஞ்சியம் திறவாது. மாமாவின் முதல் கேள்விக்கு விடை இதுவே.

இச்சிறிய பேட்டரியின் முக்கியத்துவத்திற்கு ஒரு சான்று கூறலாம். 2024ஆம் ஆண்டில் ஹூண்டாய் நிறுவனம் இந்தியாவில் 1,744 அயானிக் 5 கார்களைச் சோதனைக்காகத் திரும்ப அழைத்தது. சார்ஜிங் கட்டுப்பாட்டுக் கருவியில் நேரக்கூடிய ஒரு குறை 12 வோல்ட் பேட்டரியை வற்றச் செய்துவிடும் என்பதே அதற்குக் காரணம். அக்காரின் பெரிய பேட்டரி 72.6 யூனிட் கொண்டது. அத்தனை பெரிய காரும் சிறிய பேட்டரியை நம்பியே நிற்கிறது.

பெட்ரோல் காரில் 12 வோல்ட் பேட்டரியை நிரப்புவது எஞ்சினோடு சுழலும் ஆல்டர்னேட்டர். மின்காரில் எஞ்சினும் இல்லை, ஆல்டர்னேட்டரும் இல்லை. பெரிய பேட்டரியின் உயர் அழுத்தத்தைப் பதினான்கு வோல்ட் அளவுக்கு இறக்கித் தரும் டி.சி. கன்வெர்ட்டர் என்னும் கருவி அவ்வேலையைச் செய்கிறது. கார் இயங்கு நிலையில் இருக்கும்போது மட்டுமே இது தொடர்ந்து வேலை செய்யும். நிறுத்தியிருக்கும்போது சிறிய பேட்டரி இறங்கினால் தாமாகவே விழித்து நிரப்பிக்கொள்ளும் கார்களும் உண்டு. எல்லாக் காரிலும் அவ்வசதி இல்லை. மாமாவின் காரில் இல்லை.

இரண்டு இருந்தும் ஏன் போதவில்லை?

கடைக்காரர் செய்தது பக்க இணைப்பு. நேர்முனையோடு நேர்முனை, எதிர்முனையோடு எதிர்முனை. 45 ஆம்பியர்-மணி பேட்டரியோடு 35 சேர்ந்தால் 80 ஆகும் என்பது அவர் கணக்கு. இரண்டும் ஒரே வயது, ஒரே வகை, ஒரே நலம் உடையவையானால் அக்கணக்கு பொருந்தும்.

ஈய-அமில பேட்டரி என்பது தொடராக இணைந்த ஆறு அறைகள். பிரான்சு நாட்டின் காஸ்டன் பிளான்டே 1859இல் இதைக் கண்டறிந்தார். ஓர் அறைக்கு ஏறத்தாழ 2.1 வோல்ட் வீதம், நிறைந்த பேட்டரி ஓய்வில் 12.7 வோல்ட் காட்டும். டிக்கியில் இருந்த பழைய பேட்டரியைத் தனியே கழற்றி ஒருநாள் வைத்து அளந்தேன். 10.6 வோல்ட்! ஓர் அறை செத்துவிட்டது. மற்ற ஐந்து அறைகள் மட்டுமே மூச்சு விட்டுக்கொண்டிருந்தன.

இத்தகைய பேட்டரியை நல்ல பேட்டரியோடு பக்கவாட்டில் இணைத்தால் என்னாகும்? உயர்ந்த அழுத்தத்திலிருந்து தாழ்ந்த அழுத்தத்திற்கு மின்னோட்டம் பாயும் என்பது நாம் முதலாண்டிலேயே படித்தது. நல்லது நலிந்ததற்குள் ஓயாமல் தன்னை ஊற்றிக்கொண்டே இருக்கும். ஒருவர் சம்பாதிக்க மற்றவர் குடித்தழிக்கும் குடும்பத்தைப் போன்றது இது. உதவிக்கு வந்த இரண்டாவது பேட்டரியே முதல் பேட்டரியைக் கொன்றது. அது இல்லாதிருந்தால் கார் அன்றிரவு விழித்திருக்கவும் கூடும்!

அடுத்து மீட்டரைக் கொண்டு அளந்தேன். மாமா வழக்கமாகக் கேட்கும் ஒலியில் சராசரியாக 11 ஆம்பியர் ஓடியது. மூன்று மணி நேரத்திற்கு 33 ஆம்பியர்-மணி. ஈய பேட்டரியைப் பாதிக்குக் கீழே அடிக்கடி இறக்கலாகாது. 45இல் பாதி 22 மட்டுமே. அதைத் தாண்டி நாள்தோறும் எடுத்துவிட்டு, திரும்பும் பயணமாகிய நாற்பது நிமிடத்தில் நிரப்ப முயன்றால் முழுவதும் நிரம்பாது. ஈய பேட்டரி தொடக்கத்தில் வேகமாக உண்ணும்; கடைசிக் கவளங்களை மிக மெதுவாகவே உண்ணும். நாள்தோறும் செலவு மிகுதி, வரவு குறைவு. இவ்வாறு அரைவயிறாகவே கிடந்தால் தகடுகளில் ஈய சல்பேட் இறுகிப்போய், பின்னர் எவ்வளவு ஊட்டினாலும் ஏறாது. ஐந்து வாரத்தில் கணக்கு முடிந்தது.

ஆதலின் முதற்கண் நாம் உணரவேண்டியது இது: பேட்டரி மின்சாரத்தை உண்டாக்குவதில்லை, சேமித்து வைக்கிறது. தொட்டியைப் பெரிதாக்குவதால் கிணற்றில் நீர் ஊறிவிடாது. இரண்டாவது பேட்டரி வைக்குமுன் ‘இதை நிரப்பப் போவது யார்? எப்போது? எவ்வளவு?’ என்ற மூன்று கேள்விகளையும் கேட்டாக வேண்டும்.

ஆயிரம் வாட் உண்மையா?

ஆம்ப்ளிஃபையர் மீது எழுதிய வாட் அளவை நம்பிக் கணக்கிடக் கூடாது. உண்மையை அறிய ஓர் எளிய வழி உண்டு. அதன் பின்புறம் செருகியுள்ள பியூஸ்களைப் பார்க்க வேண்டும். மாமாவின் ஆம்ப்பில் 25 ஆம்பியர் பியூஸ் இரண்டு இருந்தன. ஆக 50 ஆம்பியர். 13.5 வோல்ட்டால் பெருக்கினால் உள்ளே செல்லக்கூடியது 675 வாட். ‘டி’ வகுப்பு ஆம்ப் நூற்றுக்கு எண்பது பங்கு திறனுடையது என்று கொண்டால் வெளிவருவது 540 வாட். உள்ளே 675 போட்டு வெளியே 1,000 எடுக்க ஆற்றல் அழிவின்மை விதி இடம் கொடாது அல்லவா?

மேலும், இசை எப்போதும் உச்சத்தில் நிற்பதில்லை. தவில் அடி விழும் கணத்தில் மின்னோட்டம் மேலே தாவும். அடுத்த கணமே தணியும். உச்சத்தின் எட்டில் ஒரு பங்கையே சராசரியாகக் கொண்டு கணக்கிடும் வழக்கம் ஒலித்துறையில் உண்டு. ஆகவே உச்சத்திற்குத் தக்க ஒயரும் பியூஸும் வேண்டும். சராசரிக்குத் தக்க மின் வரவு வேண்டும். மின்காரின் கன்வெர்ட்டர் பொதுவாக நூறு ஆம்பியருக்கு மேல் தரவல்லது. கார் தனக்கே எடுத்துக்கொண்டது போக மீதியிலிருந்து 11 ஆம்பியர் கொடுப்பது அதற்குச் சுமையே அன்று. கார் இயங்கும்போது மாமாவின் பாட்டுக்கு இரண்டாவது பேட்டரி தேவையே இல்லை.

ஒயருக்குள் ஒரு விளக்கு

கடையில் போட்டிருந்த ஒயரைக் கண்டு பேராசிரியர் தலையில் கைவைத்துக்கொண்டார். வீட்டு வயரிங்குக்குப் போடும் 4 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி, ஐந்து மீட்டர் நீளம். செம்பின் தன்தடையைக் கொண்டு கணக்கிட்டால் இதன் தடை 0.0215 ஓம். அற்பம் என்று தோன்றும். ஆனால் 50 ஆம்பியர் பாயும்போது அழுத்த இழப்பு ஒரு வோல்ட்டுக்கு மேல். வெப்பமாக மாறுவது 54 வாட். ஏறத்தாழ ஒரு ஹெட்லைட் பல்பின் வெப்பம், பயணிகளின் காலடியில், கம்பளத்துக்கு அடியில்! அதே நீளத்தில் 16 சதுர மில்லிமீட்டர் கம்பி போட்டால் இழப்பு கால் வோல்ட், வெப்பம் 13 வாட். தடை குறையக் குறைய ஒலியும் தெளிவாகிறது என்பது கூடுதல் பயன்.

பியூஸ் வைக்கும் இடத்திலும் தவறு நேர்ந்திருந்தது. பியூஸ் காப்பது ஆம்ப்பை மட்டுமன்று, முதலில் ஒயரை. கதவோரத்தில் ஒயரின் உறை தேய்ந்து உடற்தகட்டைத் தொட்டால், பேட்டரியின் முழு வேகமும் அங்கே பாயும். ஆம்ப்பின் அருகே இருக்கும் பியூஸுக்கு அச்செய்தியே எட்டாது. எனவே பேட்டரியின் நேர்முனையிலிருந்து ஒரு சாண் தொலைவுக்குள் பியூஸ் இருக்க வேண்டும். இரண்டு பேட்டரிகளை இணைக்கும் ஒயரானால் இரு முனைகளிலும் மின்சாரம் உண்டு. ஆகவே இரு முனைகளிலும் பியூஸ் வேண்டும்.

ஏரியும் கலங்கலும்

கார் நின்றிருக்கையில் நெடுநேரம் பாட்டு கேட்க வேண்டும், இரண்டாவது பேட்டரி கட்டாயம் வேண்டும் என்பவர்கள் எவ்வாறு அமைக்க வேண்டும்? இதற்கு நம் ஊர் ஏரிகளே பாடம் சொல்கின்றன.

ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்து ஏரிகளின் உபரிநீர் செம்பரம்பாக்கம் ஏரியைச் சென்றடைகிறது. மேல் ஏரி நிரம்பிய பின்னரே கலங்கல் வழியாக நீர் கீழே வழியும். கீழ் ஏரியில் எவ்வளவு செலவானாலும் மேல் ஏரியின் நீர் கலங்கல் மட்டத்திற்குக் கீழே போகாது. அம்முறையை வகுத்த நம் முன்னோர், இடையில் இருக்கும் கரையை வெட்டி இரண்டு ஏரிகளையும் ஒன்றாக்கிவிடவில்லை. கடைக்காரர் செய்தது கரையை வெட்டும் வேலை. காரை எழுப்பும் பேட்டரி மேல் ஏரி. பாட்டு பேட்டரி கீழ் ஏரி. இடையே கலங்கல் வேண்டும்.

கலங்கலாகப் பயன்படும் கருவிகள் இரண்டு. ஒன்று, அழுத்தத்தைப் பார்த்து இணைக்கும் ரிலே. 13.3 வோல்ட்டுக்கு மேல் சென்றால் சேர்க்கும், 12.8க்குக் கீழ் இறங்கினால் பிரிக்கும். பெட்ரோல் கார்களில் இது நன்கு பயன்படும். மின்கார்களிலோ ஒரு சிக்கல் உண்டு. சிறிய பேட்டரி நிறைந்ததும் மின்சாரத்தை மிச்சப்படுத்துவதற்காகக் கன்வெர்ட்டர் தன் அழுத்தத்தைக் குறைத்துக்கொள்ளும் கார்கள் பல. அப்போது ரிலே குழம்பிப்போய்ச் சேர்வதும் பிரிவதுமாக இருக்கும்.

மற்றொன்று, டி.சி. சார்ஜர். இது அளவறிந்து கொடுக்கும் கலங்கல். கார் இயங்கு நிலையில் இருக்கிறது என்ற சைகை வந்தால் மட்டும் திறக்கும்; 20 ஆம்பியருக்கு மேல் எடுக்காது; இரண்டாவது பேட்டரிக்கு உகந்த அழுத்தத்தைத் தானே உண்டாக்கிக் கொடுக்கும். மின்காருக்கு ஏற்றது இதுவே.

இரண்டாவது பேட்டரியாக லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகையைக் கொள்வது சாலச் சிறந்தது. நான்கு அறைகள், அறைக்கு 3.2 வோல்ட், ஆக 12.8. எடை ஈய பேட்டரியில் ஏறத்தாழ பாதி. பெரும்பகுதி செலவழித்தாலும் கேடில்லை. 50 ஆம்பியர்-மணி பேட்டரியானால் 640 வாட்-மணி. மாமாவின் பாட்டு நான்கு மணி நேரம் ஓடும். ஆனால் இதனை ஈய பேட்டரியோடு நேராக இணைக்கவே கூடாது. இதன் உள்தடை மிகக் குறைவு. வற்றிய நிலையில் நேராக இணைத்தால் பெருமின்னோட்டத்தை ஒரே மூச்சில் உறிஞ்சும். ஒயரும் கன்வெர்ட்டரும் தவிக்கும்.

இவ்விடத்தில் தமிழர் ஒருவரை நினைவுகூர்வது தகும். மதுரையிலும் சென்னை ஐ.ஐ.டி.யிலும் பயின்ற பேராசிரியர் ஆறுமுகம் மந்திரம், அமெரிக்காவில் ஜான் குட்இனஃப் அவர்களோடு பணியாற்றி, லித்தியம் பேட்டரிக்குரிய நேர்முனைப் பொருள்களை ஆராய்ந்தவர். இரும்பு பாஸ்பேட் வகைக்கு வழிவகுத்த ஆய்வுகளுள் அவர்கள் இருவர் ஆய்வும் ஒன்று. 2019இல் குட்இனஃப் நோபல் பரிசு பெற்றபோது, ஸ்டாக்ஹோமில் அவருக்காக நோபல் உரையை நிகழ்த்தியவர் மந்திரம்தான். காரைக்குடியில் வள்ளல் அழகப்பர் வழங்கிய நிலத்திலும் பொருளிலும் உருவாகி 1953 முதல் இயங்கிவரும் மத்திய மின்வேதியியல் ஆய்வகமும் பேட்டரி ஆராய்ச்சியில் பெயர் பெற்றது. பேட்டரி அறிவு நமக்குப் புறம்பான பொருளன்று.

தொடக்கூடாத கம்பி

“பெரிய பேட்டரியிலிருந்தே ஒரு லைன் இழுத்துக்க முடியாதா?” என்று மாமா கேட்டார். பலருக்கும் தோன்றும் கேள்வி இது. கூடவே கூடாது. மின்காருக்குள் ஆரஞ்சு நிற உறையிட்ட கேபிள்கள் ஓடும். அவை உயர் அழுத்தக் கேபிள்கள். நேர்மின்சாரத்தில் 60 வோல்ட்டைத் தாண்டினாலே ஆபத்து என்று பாதுகாப்பு விதிகள் கொள்கின்றன. இங்கே 300க்கு மேல். நம் வீட்டு மாறுமின்சாரம் நொடிக்கு நூறு முறை சுழியைத் தொடுகிறது. அதனால் தீப்பொறி அணைய வாய்ப்புண்டு. நேர்மின்சாரம் சுழியைத் தொடுவதே இல்லை. மூண்ட பொறி வில்லாக நின்று எரியும். ஆரஞ்சு நிறத்தைக் கண்டால் கையை மடக்கிக்கொள்வதே அறிவுடைமை.

வேறு சில செய்திகளும் உண்டு. பல கார்களில் 12 வோல்ட் பேட்டரியின் எதிர்முனையில் மின்னோட்டத்தை அளக்கும் உணர்கருவி இருக்கும். ஆம்ப்பின் எர்த் ஒயரை அதைத் தாண்டி நேராக முனையில் மாட்டினால், காரின் கணினிக்கு வரவு செலவு தவறாகப் போகும். எர்த்தை உடற்தகட்டில் உரிய இடத்தில்தான் கொடுக்க வேண்டும். பேட்டரியை அசையாமல் இரும்புப் பட்டையால் கட்டவேண்டும். ஈய வகையானால் ஹைட்ரஜன் வாயு கசியும். மூடிய டிக்கிக்கு ஆகாது. ஒரகடத்துச் சித்திரை வெயிலில் நின்ற கார் அடுப்பைப் போல் கொதிக்கும். சூடு தணிந்த பின்னரே லித்தியம் பேட்டரியை நிரப்புவது நலம். வண்டியின் மூல அமைப்பை மாற்றுவது குறித்து 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு கட்டுப்பாடு விதிக்கிறது. கம்பியை வெட்டினால் உத்தரவாதமும் காப்பீடும் என்னாகும் என்பதை முன்கூட்டியே கேட்டறிதல் வேண்டும். ஒலியின் அளவைப் பொறுத்தமட்டில், இரவு பத்து மணி முதல் காலை ஆறு மணி வரை ஒலிபெருக்கிக்கு 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் கட்டுப்பாடு விதிக்கின்றன. அவ்விதிகளைவிட மேலானது, ஆலையருகே உறங்குவோரை எண்ணிப் பார்க்கும் மனம்.

பழைய கதை ஒன்று

பாட்டுக்கென்று தனி பேட்டரி என்பது புதிய எண்ணமன்று என்று அறிந்தபோது எனக்கு வியப்பு மேலிட்டது. அமெரிக்காவில் 1920களின் இறுதியில் காரில் ரேடியோ வைத்தவர்கள், அதன் வால்வுகளுக்கு வேண்டிய உயர் அழுத்தத்தைக் கார் பேட்டரி தரமாட்டாமையால், தனியே ‘பி’ பேட்டரிகளை வாங்கிக் காருக்குள் வைத்துக்கொண்டனர். அவை தீர்ந்தால் மீண்டும் வாங்கவேண்டும். 1930களின் தொடக்கத்தில், கார் பேட்டரியின் தாழ் அழுத்தத்தையே அதிரும் தகட்டின் உதவியால் உயர்த்தித் தரும் வைப்ரேட்டர் கருவி வந்தது. தனி பேட்டரிகள் மறைந்தன. பேட்டரி மேல் பேட்டரி அடுக்கிய காலத்தை முடித்துவைத்தது, இருக்கும் மின்சாரத்தை வேண்டிய வடிவில் மாற்றித் தந்த ஒரு கருவிதான். இன்றைய கன்வெர்ட்டரின் மூதாதை அது.

வெண்ணெய் எங்கே இருந்தது?

இவ்வளவும் அறிந்த பின் மாமாவுக்கு நான் என்ன வழி சொன்னேன்? டி.சி. சார்ஜரும் லித்தியம் பேட்டரியும் வாங்கச் சொல்லலாம் என்றே முதலில் எண்ணினேன். பேராசிரியர், “வாங்குமுன் காரோடு வந்த கையேட்டைப் படித்தாயா?” என்றார். படித்தேன். நின்றிருக்கும்போது சக்கரத்தைப் பூட்டிவிட்டு, பெரிய பேட்டரியிலிருந்தே 12 வோல்ட் கருவிகளை இயக்கிக்கொள்ளும் நிலை ஒன்று அக்காரிலேயே இருந்தது! சில மின்கார்களில் இவ்வசதி உண்டு. அந்நிலையில் கன்வெர்ட்டர் தொடர்ந்து வேலை செய்யும், சிறிய பேட்டரி இறங்காது, நிறையவே இருக்கும்.

செலவு என்ன? பாட்டுக்கு 150 வாட், காரின் கணினி முதலியவற்றுக்கு 250 வாட் என்று தாராளமாகக் கொண்டாலும் 400 வாட். மூன்று மணி நேரத்திற்கு 1.2 யூனிட். நாற்பது யூனிட் பேட்டரியில் நூற்றுக்கு மூன்று பங்கு. ஓட்டத்தில் சுமார் எட்டு கிலோமீட்டர் குறையும், அவ்வளவே. காலடியில் நாற்பது யூனிட் வெண்ணெயை வைத்துக்கொண்டு, அரை யூனிட் நெய்க்காக டிக்கியில் செத்த பேட்டரியைச் சுமந்து திரிந்திருக்கிறோம்!

பழைய பேட்டரியைக் கழற்றினோம். முன்பக்கத்துச் சிறிய பேட்டரி நலிந்துவிட்டதால் புதிது மாற்றினோம். 16 சதுர மில்லிமீட்டர் ஒயரும், சாண் தொலைவில் பியூஸும் போட்டோம். மாமா இப்போதும் ஆலை வாசலில் பாட்டு கேட்கிறார். முன்னைவிடச் சற்றுத் தாழ்வாக. நள்ளிரவில் பொத்தானை அழுத்துமுன் இன்றும் அவர் கை ஒரு கணம் தயங்குவதை நான் கண்டிருக்கிறேன். அந்நால்வரும் அதே வண்டியில்தான் வீடு திரும்புகின்றனர்.

முடிவுரை

அன்பு நண்பர்களே, உலகச் சந்தைக்குக் கார் செய்து அனுப்பும் மண்ணில் நாம் வாழ்கிறோம். ஆயினும் அக்காரைப் பயன்படுத்தும் அறிவு கேள்விச் செய்தியாகவே நம்மிடையே உலவுகிறது. ஓமின் விதியைத் தேர்வுக்கு எழுதி மதிப்பெண் பெறுகிறோம். அதே விதி நம் மாமன் காரின் கம்பளத்துக்கு அடியில் சுடுவதைக் காண்பதில்லை. மாமா கேட்ட நாளில் எனக்கு விடை தெரியாமற்போனது அதனால்தான். ஒரு மீட்டர், ஒரு கையேடு, நான்கு வரிக் கணக்கு, இவ்வளவே அதற்குத் தேவைப்பட்டது. கருவி வாங்கப் போகுமுன் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். கணக்குப் போடுமுன் கையில் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். நம்மிடம் வந்து கேட்கும் மாமன்மாருக்கும் தமையன்மாருக்கும் நம் கல்வி அவ்வளவாவது கடமைப்பட்டுள்ளது.